ஆழத்தை விடுங்க, அடுக்கைக் கேளுங்க

கீழடி பத்தி யாராவது ஒரு பதிவு போட்டா போதும், ரெண்டு கோஷ்டி வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்துடும். ஒண்ணு, "பாத்தியா, உலகத்துக்கே நாமதான் மூத்தவங்க"ன்னு ஆரம்பிக்கும். இன்னொண்ணு, "எல்லாம் கட்டுக்கதை, அரசியல்"னு முடிச்சு வைக்கும். நூறு பின்னூட்டம் தாண்டினாலும், "அந்தக் கரித்துண்டை எந்த மண்ணடுக்குல எடுத்தாங்க?"ன்னு ஒருத்தர்கூட கேக்க மாட்டார். என் கோபம் ரெண்டு கோஷ்டி மேலயும்தான்.

மாநிலத் தொல்லியல் துறை 2019-ல வெளியிட்ட அறிக்கையில, 353 செ.மீ. ஆழத்துல எடுத்த ஒரு கரி மாதிரிக்கு கி.மு. 580-ன்னு காலம் சொல்லியிருந்தாங்க. நம்மாளுங்க உடனே இத்தனை அடிக்கு இத்தனை வருஷம்னு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. ஆழத்துக்கும் வயசுக்கும் அப்படி நேர்க் கணக்கு கிடையாதுங்க. செப்டிக் டேங்குக்குப் பத்தடி தோண்டும்போது உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா விழுந்தா, அது சங்ககால டப்பா ஆயிடுமா? அந்தக் காலத்துலயும் குப்பைக்குழி வெட்டினாங்க, உறைகிணறு இறக்கினாங்க. எலியும் வளை தோண்டுச்சு. மண்ணோட நிறமும் இறுக்கமும் மாறுற இடத்தைப் பாத்துத்தான், எது எதை வெட்டிக்கிட்டுப் போயிருக்குன்னு பிரிக்கணும். இன்னொண்ணு, ரேடியோகார்பன் சொல்றது அந்த மரம் உயிரோட இருந்த காலத்தை. பக்கத்துல கிடக்கிற பானை ஓட்டை அதோட முடிச்சுப் போடுறது அடுக்குதான்.

இதுக்கு அரிக்கமேடு நல்ல உதாரணம். பிரெஞ்சுக்காரங்க அங்கே முன்னாடியே தோண்டி ரோமானியப் பொருட்களை எடுத்தாங்க. பொருள் கிடைச்சது, எந்த அடுக்குன்னு சரியான பதிவு இல்லை. 1945-ல மார்ட்டிமர் வீலர் வந்தார். (வெள்ளைக்கார ராணுவ அதிகாரியைப் புகழணும்னு எனக்கொண்ணும் வேண்டுதல் இல்லை.) சதுரம் சதுரமா குழி, குழிகளுக்கு நடுவுல வெட்டாம விட்ட மண் சுவர், அந்தச் சுவர்ல தெரியுற ஒவ்வொரு அடுக்கையும் அளந்து வரைபடம். இத்தாலியில செஞ்ச, ஏற்கனவே காலம் தெரிஞ்ச அரிட்டைன் ஓடுகள் எந்த அடுக்குல இருக்குன்னு குறிச்சதால, கூடவே கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் கிடைச்சது. 1946-ல அறிக்கையும் அச்சுல வந்துடுச்சு.

பிறகு 1989-லேர்ந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி தலைமையில மறுபடி தோண்டி, ஊர் வீலர் நினைச்சதைவிட முன்னாடியே தொடங்கிடுச்சுன்னு சொன்னாங்க. வீலர் சொன்னதை மறுபரிசீலனை பண்ண முடிஞ்சதுக்குக் காரணம், அவர் வரைஞ்சதும் அளந்ததும் எல்லார் கைக்கும் கிடைச்சதுதான். நம்ம பொட்டிதட்டுற பாஷையில, சோர்ஸ் கோடு கையில இருந்தது, பக் பிடிக்க முடிஞ்சது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோடுல சொதப்பினா பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். வெட்டின மண்ணைத் திரும்ப அடுக்க முடியாது. அகழாய்வுங்கிறதே ஒரு விதத்துல அழிக்கிற வேலைதான். எழுதி, வரைஞ்சு, படம் எடுத்தது மட்டும்தான் மிஞ்சும். "மேட்டுல பொறுக்கின பாசிமணி"ன்னு போட்டோ போடுற வாரக்கடைசி வரலாற்று ஆர்வலர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நீங்க செய்யுறது புத்தகத்துலேர்ந்து பக்கத்தைக் கிழிக்கிற வேலை. இருந்த இடத்துலயே விட்டு, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சுப் படம் எடுங்க, இடத்தைக் குறிச்சுத் துறைக்குச் சொல்லுங்க.

"நாங்க என்ன ஆர்க்கியாலஜிஸ்டா, இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?"ன்னு கேப்பீங்க. மட்டையையே தொடாதவன்கூட எல்.பி.டபிள்யூ. விதியை வச்சு அம்பயரைத் திட்டுறானே, அந்த அளவாவது வேண்டாமா?

அமர்நாத் ராமகிருஷ்ணா 2023-ல கொடுத்த கீழடி அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி 2025 மே மாசம் இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. கேட்டதுல ஒண்ணு, ஆழம் மட்டும் போதாது, அடுக்கு எண்ணும் வேணுங்கிறது. அவர், மண்ணடுக்கு வரிசைப்படிதான் காலத்தைப் பிரிச்சிருக்கேன்னு பதில் எழுதினார். சண்டையே அடுக்கைப் பத்தித்தான்! நாம என்ன செஞ்சோம்? கோஷம் போட்டோம். அந்தக் கேள்வி நியாயமா, பதில் சரியான்னு வரைபடத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிஞ்சவங்க நம்மள்ல எத்தனை பேர்?

2020-ல இந்தியத் தொல்லியல் துறையோட பட்டயப் படிப்புக்கான தகுதியில தமிழ் இல்லைன்னதும் பொங்கி எழுந்தோம், சேர்க்க வச்சோம். சந்தோஷம். கதவைத் திறந்துட்டு வாசல்லயே நின்னா எப்படி? நம்ம வீட்டுப் பசங்களை அனுப்புவோம். சர்வே கேம்ப்ல லெவல் பிடிச்ச சிவில்காரங்க அடுக்கு வரைபடம் படிக்கக் கத்துக்கலாம். ஓடு கழுவி எண் போடுறதுலேர்ந்து பானையோட விளிம்பை வரையுறது வரைக்கும் எல்லாமே பழகினா வர்ற கைவேலைதான். உரிமம் இல்லாம தோண்டத்தான் கூடாது. கத்துக்க யாரும் உரிமம் கேக்கல.

டிஸ்கி: திட்ட நினைக்கிறவங்க தாராளமா திட்டலாம். அடுக்கு எண் போட்டுத் திட்டினா பதில் உண்டு :-)