மழைமானியிலிருந்து தொடங்குவோம்

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுக்கச் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். தாமிரபரணிக் கரையோர ஊர்கள் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூர் விரைவு ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. ‘95 சென்டிமீட்டர்’ என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லிக்கொண்டிருந்தன. கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்திருக்கும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இது மட்டும் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் ஏழாம் வகுப்புக் கணக்குதான். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் அன்று விழுந்தது 95,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏறக்குறைய எட்டு லோடு. ஒரே ஒரு வீட்டு மாடியில்! வானிலைத் துறையின் கணக்கில் ஆறரை சென்டிமீட்டரைத் தொட்டால் கன மழை, பதினொன்றரையைத் தாண்டினால் மிக கன மழை, இருபதைத் தாண்டினால் அதி கன மழை. அதற்கு மேல் வகையே கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே பெயர்தான். அறிவிப்பைக் கேட்பவருக்கு அளவு பிடிபடாவிட்டால், சிவப்பு எச்சரிக்கை என்பது பள்ளி விடுமுறைச் செய்தி என்ற அளவில் நின்றுவிடுகிறது.

சூழல் கல்வியில் இருக்கும் நமக்குச் சட்டமோ திட்டமோ குறைவில்லை. 1977-இல் திபிலிசி மாநாடு விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு என ஐந்து இலக்குகளை வகுத்தது. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. தேசிய பசுமைப் படை வந்தும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் பெரும்பாலான பள்ளிகளில் ஐந்து இலக்குகளில் முதலாவதைத் தாண்டவில்லை. ஜூன் 5 அன்று உறுதிமொழி, மரக்கன்று, ஓவியப் போட்டி, புகைப்படம், அறிக்கை. ஓவியப் போட்டி என்றாலே உருகும் பனிப்பாறை மேல் ஒரு பனிக்கரடி வந்துவிடுகிறது. சொந்தத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீரைப் பார்த்த பிள்ளைக்கும் நாம் பனிக்கரடியைத்தான் வரையக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். போதாததற்கு, மின்விசிறியை அணைக்க மறந்தால் பூமி சூடாகும் என்று அதன் தலையில் பழியையும் ஏற்றுகிறோம். இதைக் கல்வி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மழையை அளப்பதில் தொடங்கலாம். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, கவிழ்த்துப் புனலாக வைத்தால் மழைமானி தயார். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்ஜியக் கோடு போட வேண்டும். பள்ளி வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, மழை குறைவு என்று எழுதக் கூடாது. மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளியாவது வைக்க வேண்டும். தினமும் காலை 8.30-க்கு அளவெடுக்க வேண்டும். மழையில்லாத நாளுக்கும் பூஜ்ஜியம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அன்று மழை இல்லையா, யாரும் பார்க்கவில்லையா என்பது பின்னால் தெரியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெருமழை என்றால் பள்ளிக்கு விடுமுறை. மேலே சொன்ன மழை கொட்டிய 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அளக்கவேண்டிய நாளில்தான் பள்ளி பூட்டிக் கிடக்கும். ஆகவே மழைமானி பிள்ளைகளின் வீட்டு முற்றங்களிலும் மாடிகளிலும் இருக்கட்டும். தெருவுக்கு ஒன்று என்று இருந்தால் இன்னும் நல்லது. இருபது சென்டிமீட்டரைத் தாண்டினால் பாட்டில் நிரம்பி வழியும் என்பதால், அடைமழையில் இடையிடையே அளந்து குறித்துவிட்டுக் கொட்டவும் கற்றுத்தர வேண்டும். அதுவும் பெரியவர் ஒருவர் துணையோடுதான். பெருக்கெடுத்த வாய்க்கால் பக்கம் பிள்ளைகளை அனுப்பும் வேலை இது அல்ல.

கோட்டயம் மாவட்டத்தின் மீனச்சிலாற்றுப் படுகையில் மாணவர்களும் ஊர் மக்களும் சேர்ந்து மழையையும் ஆற்று மட்டத்தையும் அளந்து வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். மலையோர ஊர்களின் மழைக் கணக்கு கீழே இருக்கும் பாலா நகரத்துக்கு வெள்ளத்துக்கு முன்பே போய்விட முடிகிறது. வயநாட்டிலும் மழைமானிகளின் வலையமைப்பு இருந்தது. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்கு முந்தைய நாளே மழையளவைச் சொல்லி மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாக, அதை நடத்தும் ஹியூம் மையம் தெரிவித்தது. எண்ணைச் சொல்ல ஆள் இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்டு முடிவெடுக்கும் பழக்கம் ஊருக்கும் அலுவலகத்துக்கும் வர வேண்டும். பிள்ளைகளோடு நின்றுவிடும் சூழல் கல்வி அரைகுறையானது என்று நாம் கருதுவது இதனால்தான்.

ஓராண்டுப் பதிவேட்டைக் காட்டி ‘பார், காலநிலை மாறிவிட்டது’ என்று எந்த ஆசிரியரும் சொல்லிவிடக் கூடாது. காலநிலைச் சராசரிக்கு முப்பதாண்டுத் தரவு வேண்டும். ஒரு டிகிரி வெப்பம் கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். இந்த ஊரில் இந்த மழைக்கு அதுதான் காரணமா என்பது தனி ஆய்வு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவி, வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியையும் சந்தேகத்தோடு பார்ப்பாள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் உங்கள் பள்ளியிலோ மன்றத்திலோ நான்கைந்து மழைமானிகளையாவது வைத்துவிடுங்கள். டிசம்பர் வரைக்குமான கணக்கை, எந்தத் தெருவில் எத்தனை சென்டிமீட்டருக்குத் தண்ணீர் தேங்கியது என்ற குறிப்போடு, ஜனவரி 26 கிராமசபையில் மாணவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.