மழைக்கு ஒதுங்கினால் சாதி கேட்கும் சாலை

ஐப்பசி பிறந்துவிட்டால் போனைத் திறந்தாலே பைக் பயண வீடியோக்கள்தான். புதுச்சேரியில் கிளம்பி கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று கடலோரமாக ஒரு ஜோடி போகிறது. ரெயின்கோட், ஹெல்மெட்டில் கேமரா, பின்சீட்டில் சிரிப்பு. வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. டீக்கடையில் ஒதுங்குகிறார்கள். சூடாக பஜ்ஜி வருகிறது. கீழே ஆயிரம் இதயங்கள்.

நன்றாக இருக்கட்டும். அந்த மகிழ்ச்சியின் மீது நமக்குக் கோபம் இல்லை. நம் கேள்வி வேறு. மஞ்சக்குப்பத்தில் வண்டியை எடுக்கும் ஒரு தலித் இளைஞனும், அவன் காதலிக்கும் சாதி இந்துப் பெண்ணும் இதே மழையில், இதே டீக்கடையில், இதே சிரிப்போடு ஒதுங்கி நிற்க முடியுமா?

"ஹைவேயில் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனிடம் யாரும் சாதி கேட்பதில்லை. ஓடுகிற வண்டியைச் சாதியால் பிடிக்க முடியாது. ஆனால் மழை வண்டியை நிறுத்திவிடுகிறது. ஆலப்பாக்கத்திலோ புதுச்சத்திரத்திலோ ஒரு பஸ் நிழற்குடைக்குள் ஒதுங்குங்கள். அரை மணி நேரத்தில் முதல் கேள்வி வரும்: "எந்த ஊரு தம்பி?" அடுத்தது: "ஊரா, காலனியா?" மூன்றாவது அந்தப் பெண்ணிடம்: "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" மூன்றே கேள்விகள். சாதிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்கிறோம். நிழற்குடைக்குள் மூன்றே நிமிடத்தில் அதைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, குளம், கிணறு, சாலை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அங்கெல்லாம் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஏன் இவ்வளவு பட்டியல்? தடுத்த இடங்களின் பட்டியல்தான் அது. அதுவும் போதவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் 3(1)(இசட்.ஏ) பிரிவை எடுத்துப் படியுங்கள் தோழர்களே. பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தலித்துகளைத் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. செருப்பு அணிவதும் புத்தாடை உடுத்துவதும் அதே பட்டியலில் இருக்கின்றன.

ஒரு மனிதன் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு நாடாளுமன்றம் தனியாக ஒரு பிரிவு எழுத வேண்டியிருந்தது! இதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலத்தை இந்தச் சமூகத்திடமிருந்து நாம் எதிர்பார்க்க முடியுமா? சட்டம் வந்து ஒன்பது ஆண்டு கழித்து, 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பம் புகார் கொடுத்தது.

பாபாசாகேப் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய சிறு நூலின் பெயர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. அதைப் பயண நூலாகவும் படியுங்கள். 1901-இல் அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய சிறுவன், ரயிலை விட்டு இறங்கியதும் மாட்டு வண்டி கிடைக்காமல் தவிக்கிறான். பரோடாவில், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவருக்குத் தங்க ஓர் அறை இல்லை. 1929-இல் சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டு போக மறுக்கிறார்கள். வண்டி ஓட்டிப் பழகாத ஒருவர் ஓட்ட, வண்டி சாய்ந்து அம்பேத்கரின் கால் முறிகிறது. சே குவேரா மோட்டார் சைக்கிளில் போய் லத்தீன் அமெரிக்காவைக் கண்டார். அம்பேத்கர் போன வழியெல்லாம் இந்தியாதான் அவரைக் கண்டுபிடித்துத் துரத்தியது. சே படம் போட்ட டி-ஷர்ட்டோடு பயணம் போகும் தம்பிகள் இரண்டு நூல்களையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகிறவனுக்கே இந்தக் கதி. பின்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்தால்?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஊருக்குத் தெரிந்தபோது கண்ணகியை மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு முருகேசன் வேறொரு ஊரில் மறைந்திருந்தார். இருவரும் சேர்ந்து ஒளிய ஒரே கூரைகூட கிடைக்கவில்லை. 2003 ஜூலை 8 அன்று இருவர் மூக்கிலும் காதிலும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். போலீஸ் அந்தப் புகாரை மறைத்தது. சி.பி.ஐ. வந்த பிறகே வழக்கு நகர்ந்தது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்போது 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், இரண்டு போலீஸ் அதிகாரிகள் உட்பட 11 பேரின் தண்டனையை உறுதி செய்தது. இருபத்திரண்டு ஆண்டுகள்! திருமணமான இரண்டே மாதத்தில் சாதி தன் வேலையை முடித்துவிட்டது.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. பட்டப்பகலில் சங்கரை வெட்டியவர்கள் பைக்கில் வந்து, வெட்டி முடித்து, பைக்கிலேயே போனார்கள். கேமராவில் நாடே பார்த்தது. கொலைகாரனுக்குச் சாலை எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது பாருங்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2012-இல், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பேசினார். அந்தப் பேச்சின் எரிச்சலைப் புரிந்துகொள்ளுங்கள். நாம் காதலிப்பது மட்டும் அவர்கள் பிரச்சினை இல்லை. நாம் நன்றாக உடுத்துவது, தவணை கட்டி வண்டி வாங்குவது, நிமிர்ந்து ஓட்டுவது எல்லாமே பிரச்சினை. ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று நம் தாத்தாவிடம் சொன்ன அதே வாய், பேரனின் பைக்கைப் பார்த்ததும் 'நாடகக் காதல்' என்கிறது.

இந்த இடத்தில் நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி. ஒரு தலித் பெண், தான் விரும்பியவனோடு பைக்கில் நம் தெருவைக் கடந்து போனால் நாம் என்ன பேசுகிறோம்? அவள் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு சிதம்பரம் வரை போய்வந்தால்? பெண்ணுக்குக் காவல் போட்டுத்தான் சாதி உயிர் வாழ்கிறது. அந்தக் காவல்காரன் வேலையை நம் தெருவிலும் சில அண்ணன்மார்கள் சம்பளமில்லாமல் பார்க்கிறார்கள். ஊர்த் தெருவில் தப்பு என்றால் சேரியிலும் தப்புதான்.

"நிலம், வேலை, விடுதி என்று ஆயிரம் கோரிக்கை இருக்க, ஜோடியாக ஊர் சுற்றுவதா இயக்கத்தின் பிரச்சினை?" என்று மூத்த தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். ஆம், பிரச்சினைதான். சாதியை ஒழிக்க உண்மையான மருந்து கலப்புத் திருமணம் என்று 1936-இலேயே அம்பேத்கர் எழுதிவிட்டார். அந்தத் திருமணத்துக்கு முன்னால் இருவர் பழக வேண்டும், பேச வேண்டும், சேர்ந்து நாலு இடம் போய்வர வேண்டும். அதற்கெல்லாம் ஒரு சாலையும், மழை வந்தால் ஒரு கூரையும் வேண்டும். கூரையைக் கொடுக்காமல் மேடையில் சாதி ஒழிப்புப் பேசி என்ன பயன்?

அந்தக் கூரையைக் கேட்டு வாங்கச் சட்டம் இருக்கிறது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது; மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பு இல்லம் அமைப்பதைப் பரிசீலிக்கவும் மாநிலங்களுக்குச் சொன்னது. திருமணம் ஆகாத இருவர் விடுதியில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆணவக்கொலைத் தடுப்புக்குத் தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆணையம் நல்லது. ஆனால் மழை ஆணையத்துக்காகக் காத்திருக்காது.

ஆகவே, மாணவத் தோழர்களே, உங்கள் மாவட்டத்தில் ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். சிறப்புப் பிரிவின் உதவி எண் என்ன? அது எந்தக் காவல் நிலையச் சுவரில், எந்தக் கல்லூரிப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது? பாதுகாப்பு இல்லம் இருக்கிறதா, எத்தனை அறை, இதுவரை எத்தனை ஜோடிகள் தங்கினார்கள்? பதில் வந்ததும் கலெக்டர் அலுவலகத்துக்குக் கும்பலாகப் போங்கள். பதில் வராவிட்டாலும் போங்கள். 3(1)(இசட்.ஏ) பிரிவை மனப்பாடம் செய்யுங்கள். உங்கள் ஊரில் மழைக்கு ஒதுங்கும் ஜோடியிடம் எவனாவது ஊர் கேட்டால், பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒரு நாற்காலி போட்டு, டீ சொல்லுங்கள்.

இந்த மண்ணின் பழைய பயணி ஒருவருக்கு நாளைப்போவார் என்று பெயர். ஆதனூரிலிருந்து சிதம்பரத்துக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். கடைசியில் வந்து சேர்ந்த நந்தனாரை எல்லையிலேயே நிற்க வைத்தார்கள். நெருப்பில் இறங்கினால்தான் உள்ளே விடுவோம் என்பதைப் புராணமாக்கிப் பாடவும் வைத்தார்கள். அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தா நந்தனார் பெயரிலேயே பள்ளி தொடங்கி நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். யாரும் நெருப்பில் இறங்கவில்லை. வாசல் வழியாகவே உள்ளே போனார்கள்.

நமக்கு இனி நாளை கிடையாது. வண்டியை எடுங்கள். இன்றே போவோம். மழை வந்தால் ஒதுங்குவோம், தலை குனியாமல்.

ஜெய் பீம்.