வாடிவாசலில் ஒரு நாள்



“ஜல்லிக்கட்டைப் பற்றி நமது பகுதியில் ஒருமுறையேனும் எழுதலாகாதா?” என்று கம்பம் பள்ளத்தாக்கு வாசகர் சிலர் நெடுநாளாய்க் கேட்டு வந்தனர். நாமும் ஏதேதோ காரணங்கூறித் தட்டிக் கழித்தே வந்தோம். உண்மைக் காரணம் வேறு. நாம் ஜல்லிக்கட்டை நேரிற் கண்டதில்லை. ஆயினும் காணாமலே அதைக் கண்டித்துப் பேசியதுண்டு. ‘மாட்டுக்கும் துன்பம், மனிதனுக்கும் ஆபத்து, இதில் விளையாட்டு எங்கே இருக்கிறது?’ என்பதே நமது கட்சி. “கண்ணால் காணாததற்குத் தீர்ப்புக் கூறலாமா?” என்று பெரியவர் ஒருவர் நம்மை மடக்கினார், மடக்கியதோடு நில்லாமல் அழைத்துச் சென்று காட்டவும் செய்தார். அந்த ஒரு நாளின் அனுபவத்தையே இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கிழக்கே மேகமலை, மேற்கே ஏலமலை; நடுவே முல்லைப் பெரியாறு பாயும் பசுமையான பள்ளத்தாக்கு. ஆற்றோரம் நெல்லும் வாழையும், மேட்டு நிலங்களில் திராட்சைப் பந்தல்களும் கண்ணுக்கு விருந்தளிக்கும். மலையடிவாரத்தில் மாடு வளர்ப்போர் உண்டு. மலைமாடு என்று வழங்கும் நாட்டினம் இப்பகுதிக்கே உரியது. தைப் பொங்கல் கழிந்ததும் சின்னமனூரை அடுத்த அய்யம்பட்டி, உத்தமபாளையம் வட்டத்துப் பல்லவராயன்பட்டி ஆகிய ஊர்களில் நடைபெறும் ஜல்லிக்கட்டுகள் பெயர் பெற்றவை. ‘வாடிவாசல்’ என்னும் குறுநாவலை எழுதிய சி. சு. செல்லப்பாவின் பெயரில் முதலெழுத்தாய் நிற்பதும் சின்னமனூரே. முல்லை நிலத்து ஆயர் ஏறு தழுவியதைக் கலித்தொகை விரிவாய்ப் பாடுகிறது. பிற்காலத்தில் கொம்பில் சல்லிக் காசுகளை முடிந்து விட்டதனால் சல்லிக்கட்டு என்ற பெயர் வழங்கலாயிற்று என்பர்.

நம்மை அழைத்துச் சென்ற பெரியவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. நமது பங்கைச் சேர்ந்தவர். அவருடைய வீட்டுக் காளையும் அன்று வாடிவாசலுக்குச் செல்லவிருந்தது. விடியுமுன் அவர் வீட்டை அடைந்தோம். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் எங்களோடு புறப்பட்டான். வண்டியில் காளையை ஏற்றுகையில் அவனுடைய தாய் நம்மருகில் வந்து தாழ்ந்த குரலில், “அண்ணே, அப்பாவுக்குக் காளையைப் பார்க்கவே பொழுது போதாது. இவனை நீங்கள் உங்கள் கண்பார்வையிலேயே வைத்திருங்கள்” என்றார். “கவலை வேண்டாம் அம்மா” என்று வாக்களித்தோம். அவர் உடன் வரவில்லை. காளையும் மகனும் வீடு திரும்பும்வரை உணவு கொள்வதில்லை என்பது அவர் வழக்கமாம்.

வழிநெடுகப் பெரியவர் காளையின் வளர்ப்பைப் பற்றியே பேசினார். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு, கொள்ளு என்று வேளை தவறாமல் தீனி, காலையில் நடை, வாரத்தில் சில நாள் குளத்தில் நீச்சல், மாலையில் மண்மேட்டைக் கொம்பால் குத்தப் பழக்குதல். ஆண்டு முழுவதும் இப்படியே. இக்காளை உழவுக்குப் போவதில்லை, வண்டி இழுப்பதுமில்லை. “இத்தனையும் எத்தனை நேர ஆட்டத்திற்கு, ஐயா?” என்று வினவினோம். “பத்து நொடி இருக்கும். நின்று விளையாடினால் ஒரு நிமிடம்” என்றார். நாம் நகைத்தோம். அவர் நகைக்கவில்லை.

ஊரை அடைந்தபோது பொழுது நன்கு புலர்ந்திருந்தது. காளைகள் நெடுந்தொலைவுக்கு வரிசையாய் நின்றன. கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொன்றையும் சோதித்துத் தகுதிச் சான்று அளித்தனர். மற்றொரு புறம் மாடுபிடி வீரர்களுக்கு மருத்துவச் சோதனை நடந்தது. மது அருந்தியவர் என்று ஐயம் எழுந்தால் அங்கேயே நீக்கிவிட்டனர். தேறியவர்களுக்கு எண் பொறித்த சட்டை. ஒரு சுற்றுக்கு ஒரு வண்ணம்.

இந்த ஒழுங்கெல்லாம் பழங்காலத்தில் இல்லை. 2009-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டை நெறிப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை மெரீனாவிலும் தமிழகமெங்கும் இளைஞர் திரண்டதும், அதே மாதம் புதிய சட்டத்திருத்தம் வந்ததும் வாசகர் அறிந்தவையே. அத்திருத்தம் செல்லும் என்று 2023-ஆம் ஆண்டு மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. “தடை இருந்த ஆண்டுகளில் பல வீடுகளில் காளையை அடிமாட்டுக்கு விற்றுவிட்டார்கள். நான் விற்கவில்லை. ஆட்டம் இல்லாவிட்டாலும் அது எங்கள் வீட்டுப் பிள்ளைதானே!” என்றார் பெரியவர்.

வாடிவாசலை அவர் விளக்கிக் காட்டினார். காளைகள் ஒவ்வொன்றாய் வெளிவரும் குறுகிய வாயிலே அது. அதன் முன்னே தென்னைநார்க் கழிவு பரப்பிய திடல். இருபுறமும் இரட்டைத் தடுப்பு. திடலின் மறுகோடியில் காளைகள் ஓடிச் சென்று சேரும் வெளி. உரியவர்கள் கயிறு வீசித் தத்தம் காளைகளைப் பிடித்துச் செல்லும் இடம் அது. அவ்விடத்தைச் சுட்டிக் காட்டிப் பெரியவர் குரலை உயர்த்தினார்: “ஐயா, இதுதான் முதல் பாடம். எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள். அந்த வழியில் மட்டும் நிற்காதீர்கள். தம்பி, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.”

காரணத்தை அவரே கூறினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் அவருடைய தம்பி ஜல்லிக்கட்டில் உயிரிழந்தார். “அவன் மாடு பிடிக்கப் போனவன் இல்லை, ஐயா. வேடிக்கை பார்க்கப் போனவன். அப்போது தடுப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. தெருவோரம் கூட்டத்தோடு நின்றான். பிடிபடாத மாடு ஒன்று அவ்வழியே வந்தது. மாட்டின்மேல் குற்றமில்லை. அது தன் வீட்டுக்கு வழி தேடியது. வழியை மறித்து நின்றவர்கள் நாங்கள்தாம்.” இதைச் சொல்லிவிட்டு அவர் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நெடுநேரம் பேசாதிருந்தார்.

ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய குருவானவர் ஒருவர் முன்பு நம்மிடம் சூமோ மற்போரைக் குறித்துக் கூறியது அப்பொழுது நினைவுக்கு வந்தது. 4.55 மீட்டர் குறுக்களவுள்ள மண்வட்டத்தில் பேருருவ மல்லர் இருவர் மோதுவர். உப்பை வாரி இறைத்து வட்டத்தைத் தூய்மையாக்கும் சடங்கெல்லாம் நெடுநேரம் நடக்கும். மோதலோ பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். வட்டத்தைச் சுற்றி வேலியில்லை. மல்லர் முன்வரிசையில் அமர்ந்திருப்போர் மேலேயே விழுவதுண்டு. ஆதலால் அவ்வரிசையில் சிறுவருக்கு இடமில்லை. உண்பதற்கும் படம் பிடிப்பதற்கும் அங்கே தடை. ‘ஆடுபவனுக்கு மட்டுமன்று, காண்பவனுக்கும் அங்கே ஒழுக்கம் உண்டு’ என்று அவர் முடித்தார். அன்று அதைப் புதுமையான செய்தி என்ற அளவிலே கேட்டுக்கொண்டோம். பெரியவரின் சொற்களைக் கேட்ட பின்னரே அதன் பொருள் விளங்கிற்று.

முதலில் கோயில் காளையை அவிழ்த்து விட்டனர். அதனை எவரும் தொடுவதில்லை. வீரர்கள் விலகி வழிவிட்டு வணங்கினர். அதன்பின் ஆட்டம் தொடங்கிற்று. காளையின் திமிலை ஒருவரே தழுவ வேண்டும். கொம்பையோ வாலையோ பற்றலாகாது. மூன்று துள்ளலுக்கோ குறித்த எல்லைக்கோ தாக்குப் பிடித்தால் வீரர் வென்றவராவார். எல்லையைத் தாண்டியதும் விட்டுவிட வேண்டும். ‘பிடிப்பதற்கு வலிமை போதும், விடுவதற்குத்தான் பழக்கம் வேண்டும்’ என்று பெரியவர் உரைத்தார். எவருக்கும் பிடிபடாத காளைக்கும் பரிசு உண்டு. அண்டா, கட்டில், மிதிவண்டி என்று ஒலிபெருக்கி ஓயாது அறிவித்துக்கொண்டிருந்தது. பிடிபடாத காளைக்கும் மக்கள் அதே ஆரவாரத்தோடு கைதட்டினர்; அது நம் உள்ளத்தைக் கவர்ந்தது.

வாசகர்களே, இனி நமது குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் கண்டித்துக் கொண்டிருந்த நாம், நண்பகலுக்குள் எழுந்து நின்று கூவத் தொடங்கிவிட்டோம். பெரியவரின் காளை வாடிவாசலில் தலை காட்டியது. ஒரு கணம் நின்று திடலை நோக்கியது. ஒருவர் திமிலை நோக்கிப் பாய்ந்தார். ஒரே சுழற்சியில் அவரை உதறிற்று. மற்றொருவர் நெருங்குமுன் திடலைக் கடந்து மறைந்தது. பிடிபடவில்லை! மகிழ்ச்சியில் பேரனின் தோளைத் தட்டத் திரும்பினோம். அவன் இருந்த இடம் வெறுமையாய் இருந்தது.

நமது நெஞ்சு நின்றுவிட்டது போலாயிற்று. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினோம். அவன் எங்கு நிற்கலாகாது என்று காலையிலே சொல்லப்பட்டதோ, அங்கேயே நின்றான். தடுப்பைக் கடந்து, காளைகள் ஓடிவரும் வழியில், கையில் கயிற்றோடு! பின்னால் அடுத்தடுத்து அவிழ்த்து விடப்பட்ட காளைகள் வந்துகொண்டிருந்தன. அவன் தன் காளையைச் செல்லப் பெயரிட்டு அழைத்தான். சற்றுமுன் ஆடவர் பலரைக் கலங்கடித்த அந்தக் காளை, அக்குரல் கேட்டு நின்றது. தலையைத் தாழ்த்தி அவனிடம் சென்றது. கயிற்றைப் பிணைத்து அவன் ஒதுங்கிய மறு கணம், வேறொரு காளை அவ்வழியே சீறிப் பாய்ந்து கடந்தது.

பெரியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அடித்துவிடுவாரோ என்று அஞ்சினோம். அவர் பேரனின் கையை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டார். “பிடிக்க வந்த ஆள் புதியவர், தாத்தா. என் குரலுக்குத்தான் இது நிற்கும்” என்றான் அவன். “உன் தம்பித் தாத்தாவுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்” என்றார் அவர். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

இருட்டிய பின் வீடு திரும்பினோம். வாசலில் அந்தத் தாய் நின்றிருந்தார். முதலில் மகனின் கைகளையும் தோள்களையும் தடவிப் பார்த்தார். பிறகு காளையின் நெற்றியைத் தடவினார். வாங்கி வந்த பரிசு அண்டாவை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நாம் மறைக்க மனமின்றி நடந்ததைக் கூறி, “பத்து நிமிடம் மறந்துவிட்டோம், அம்மா, மன்னியுங்கள்” என்றோம். “நீங்கள் பத்து நிமிடம் மறந்தீர்கள், அண்ணே. நான் காலையிலிருந்து ஒரு நிமிடமும் மறக்கவில்லை” என்றார். அவர் குரலில் சினமில்லை. உள்ளே சென்று அனைவருக்கும் இலை போட்டார்.

நமது கட்சி மாறிற்றா என்று வினவுவீர்கள். பாதி மாறிற்று என்றே சொல்வோம். காளையைத் துன்புறுத்துவோர் எங்கேனும் இருக்கலாம். நாம் தங்கிய வீட்டில் அது ஒரு பிள்ளையாகவே வளர்கிறது. ஆபத்து என்னும் பாதியோ அப்படியே நிற்கிறது. முன்னினும் அதை நன்கு உணர்கிறோம். ஏனெனில், அந்த ஆபத்துக்கு உடன்பட்டுப் பதிவு செய்துகொண்டு இறங்கும் வீரர் மட்டுமன்று, மறந்து நிற்கும் நம்மைப் போன்றவரும் அதில் அகப்படுகின்றனர்.

நமது ஞானக் குடும்பங்களுக்கும் இது அயலான செய்தியன்று. தஞ்சை மாவட்டத்துத் திருக்கானூர்பட்டியிலும் திண்டுக்கல் மாவட்டத்துப் புகையிலைப்பட்டியிலும் புனிதர் திருவிழாக்களை ஒட்டியே ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. சனவரி 17 அன்று வனத்து அந்தோணியார் திருநாளில் கால்நடைகளை மந்திரிக்கக் கோவிலுக்கு ஓட்டி வரும் வழக்கம் பல பங்குகளில் உண்டு. ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் ஜல்லிக்கட்டுக்குப் போகத்தான் செய்வர். போகவே கூடாது என்று விலக்குவதைக் காட்டிலும், எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கலாகாது என்று கற்றுக் கொடுத்து அனுப்புங்கள். இயலுமாயின் அறிந்த பெரியவர் ஒருவரோடு அனுப்புங்கள். அவரோடு செல்பவரும் ஆரவாரத்தில் தம்மை மறவாதவராய் இருக்கட்டும்.

அப்பெரியவர் அடுத்த ஆண்டும் நம்மை அழைத்திருக்கிறார். செல்வதாக இருக்கிறோம். இம்முறை திடலை நோக்கி அன்று, பேரனை நோக்கியே அமர்வதாக அவனுடைய தாய்க்கு வாக்களித்திருக்கிறோம்.