1 மணி 20 நிமிடத்தில் திருச்சி

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மச்சான் அழைத்தார். மாமா தவறிவிட்டார். அம்மாவுக்கு ஒரே அண்ணன்.

அம்மாவிடம் ஓராண்டு இ-விசா இருந்தது. என்னுடையது முந்திய மாதமே காலாவதி. அவசரமாக விண்ணப்பித்தாலும் விடிவதற்குள் வராது. 74 வயதில் அம்மா முதன்முறையாகத் தனியாக விமானம் ஏற வேண்டியதாயிற்று.

டிக்கெட்டை மச்சானுக்கு அனுப்பினேன். காலை 9.00 கோலாலம்பூர், 10.20 திருச்சி. "ஒன்றேகால் மணி நேரம்தானே, பன்னிரண்டு மணிக்கு எடுத்துடலாம்" என்றார். எனக்குப் பகீர் என்றது. இறங்கும் நேரம் இந்திய நேரம். நம் கடிகாரம் அவர்களுடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. (1982 ஜனவரி 1 வரை இரண்டு மணி நேரம்தான், அன்றுதான் நாம் முள்ளை அரை மணி முன்னே தள்ளினோம்.) 2,700 கிலோமீட்டர் வான்வழியைக் கடக்க விமானத்துக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றே கால் மணி போதும்தான். ஓடுபாதை, ஏற்றம், இறக்கம் மிச்சத்தைத் தின்றுவிடும்.

அது வானத்துக் கணக்கு. தரையின் கணக்குதான் பெரிது. பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கேஎல்ஐஏ ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சுபாங்கில் இருந்தவரை இதில் பாதிதான். விடிகாலை 4.30-க்குச் செம்பனைக் காட்டு இருட்டில் காரை எடுத்தோம். திருச்சியில் குடிநுழைவு வரிசை, அப்புறம் துறையூருக்கு 45 கிலோமீட்டர். "இரண்டு மணிக்கு முன்னால் தூக்காதீங்க மச்சான்" என்று மூன்று முறை சொன்னேன்.

காரில் அம்மா அதிகம் பேசவில்லை. தாத்தா ரஜுலா கப்பலில் ஒரு வாரம் கடலில் கிடந்து தோட்டத்துக்கு வந்ததையும், அவருடைய அம்மா இறந்த செய்தி கடிதமாக வந்தபோது கருமக்கிரியையே முடிந்திருந்ததையும் மட்டும் சொன்னார். "அப்பா அந்தக் கடுதாசிய மடிச்சு வச்சுட்டு வேலைக்குப் போயிட்டாரு" என்றார்.

அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு வீடு திரும்பினேன். கைப்பேசியில் இரண்டு ஊர் நேரத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் நேரம் மாலை 3.20-க்கு அழைப்பு வந்தது. அங்கே 12.50. பறை ஒலிக்கு நடுவே, "மூஞ்சியப் பாத்துட்டேன்யா" என்றார் அம்மா. வீட்டிலிருந்து கிளம்பி பத்து மணி ஐம்பது நிமிடம்.

சொந்தங்கள் அங்கே வயதாகிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். கடப்பிதழையும் விசாவையும் உயிரோடு வைத்திருங்கள். டிக்கெட் ஒரே இரவில் கிடைத்துவிடுகிறது.

என் விசா மறுநாள் மாலை மின்னஞ்சலில் வந்தது. அன்று காலையே அங்கே பால் தெளித்துவிட்டார்கள்.