தேயிலைக்கு இட்ட பாதை

ஒரு நகரத்திற்குப் புகையிரதப் பாதை இருந்தால் மட்டும் போதாது; அது யாருக்காக அமைக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. கொழும்பின் களனிவெளிப் பாதையை மாணவர்கள் உதாரணமாகக் கொள்ளலாம்.

1902இல் அவிசாவளையை எட்டிய இப்பாதை, தோட்டத் தேயிலையைக் கொழும்புக்குக் கொணர்வதற்கென இடப்பட்டது. செலவைச் சுருக்கும் பொருட்டுத் தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 6 அங்குலமாக்கப்பட்டது. நிலம் வளைந்தவிடமெல்லாம் பாதையும் வளைந்தது. தேயிலைப் பெட்டி தாமதத்தால் வருந்துவதில்லை அன்றோ!

1990களில் அவ்விடைவெளி 5 அடி 6 அங்குலமாக அகன்றது, வளைவுகளோ நேராகவில்லை. இன்றும் அது பெரும்பாலும் ஒற்றைப் பாதையே. ஆதலின் எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிலையத்தில் காத்திருத்தலும், வளைவுகளில் ஊர்ந்து செல்லுதலும் ஒழிந்தபாடில்லை. நுகேகொடை, மகரகமை, ஹோமாகமை வாசிகள் பலர் வீதியையே நாடுகின்றனர்; வீதியும் நெரிகின்றது.

தலைநகரின் நெரிசலைத் தணிக்க, மாலபேயிலிருந்து கோட்டைவரை சுமார் 16 கிலோமீற்றர் நீளமான இலகு புகையிரதப் பாதைக்கு 2019இல் யப்பானுடன் கடனுடன்படிக்கை செய்யப்பட்டது. 2020இல் அத்திட்டமும் கைவிடப்பட்டது.

திட்டம் தவறும்போது இழப்பது பணம் மட்டுமன்று. விடியுமுன் புறப்பட்டு இருண்டபின் வீடு மீளும் தந்தைக்குத் தம் பிள்ளையின் பாடத்தைக் கேட்கவும் நேரம் எஞ்சுவதில்லை. அவ்விழப்பை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?