கூலி நிற்கிறது, வட்டி ஏறுகிறது

வீட்டுக் கடன் மனுவில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று ‘நிலையான வட்டி’. மற்றொன்று ‘மாறும் வட்டி’. எதில் குறி போடுவது என்பதைக் கடன் வாங்குகிற தொழிலாளி பெரும்பாலும் தீர்மானிப்பதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார். “இதில்தான் வட்டி குறைவு, இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார். நாமும் போட்டுவிடுகிறோம். அடுத்த இருபது வருஷத்துக்கு நம் வீட்டு அடுப்பில் என்ன வேகும் என்பதை அந்த ஒரு குறி முடிவு செய்துவிடுகிறது.

நம் ஊர்ப் பக்கம் வட்டியை ‘ஒரு ரூபாய் வட்டி’, ‘இரண்டு ரூபாய் வட்டி’ என்றுதான் சொல்வோம். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12 சதவிகிதம். பாங்கு 9 சதவிகிதம் கேட்டால் அது முக்கால் ரூபாய் வட்டி. மூன்று ரூபாய், ஐந்து ரூபாய் வட்டி கட்டி நொந்தவர்களுக்கு முக்கால் ரூபாய் வட்டி தர்மமாகத் தோன்றும். லேவாதேவிக்காரன் கொள்ளைக்காரன்தான். ஆனால் மூன்று வட்டி என்று பேசிக் கொடுத்தவன், கடன் தீரும்வரை அந்த மூன்று வட்டியைத்தான் கேட்பான். பாங்கு முக்கால் வட்டிக்குக் கொடுத்துவிட்டு, பாதி வழியில் ஒரு ரூபாய் வட்டி என்று கடிதம் அனுப்புகிறது. அதுவும் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதியின் பேரிலேயே!

இது எப்படி வந்தது? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லில் வெட்டிய வட்டி

விரிஞ்சிபுரம் என்றால் மதிலழகு என்பார்கள். அந்தக் கோயிலில் 1425-26-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பெண் கொடுப்பதற்குப் பொன் வாங்கக் கூடாது என்று படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. பேசிய பேச்சைப் பின்னால் யாரும் மாற்றக் கூடாது என்பதற்காகத்தான் கல்லில் வெட்டினார்கள்.

வட்டியையும் அப்படி வெட்டியதுண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ராஜராஜன் காலத்தில் கோயில் பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகப் போயிற்று. காசு ஒன்றுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு பொலிசை. அதாவது 12½ சதவிகிதம். அன்றைக்கும் அந்தப் பொலிசை உழுதவன் வியர்வையிலிருந்துதான் வந்தது. அதைப் பொற்காலம் என்று நாம் கொண்டாடவில்லை. ஆனால் ஒன்று: வெட்டிய வட்டி வெட்டியபடியே நின்றது.

நம் தாத்தா காலத்துக்கு வருவோம். 1930-களின் மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து, குடியானவர் நிலமெல்லாம் கடனில் மூழ்கியது. விவசாயிகளின் கிளர்ச்சி நாடெங்கும் எழுந்தது. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. புதுக் கடனுக்கு ரூபாய்க்கு மாதம் ஒரு பைசல்லி, அதாவது வருஷத்துக்கு 6¼ சதவிகிதம் தனிவட்டிக்கு மேல் கோர்ட் கொடுக்கக் கூடாது என்று அது விதித்தது. பழைய கடனில், அசலைப் போல் இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றும் சொல்லிற்று. நிலத்தில் பாத்தியதை உள்ளவர்களுக்குத்தான் இந்தச் சட்டம். நிலமற்ற கூலிக்கு அது நிழல் தரவில்லை. இருந்தாலும், வட்டிக்குச் சட்டத்தால் வேலி போட முடியும் என்பதை அது நிரூபித்தது.

அதற்கும் முன்னால், 1929-ல், சென்னையில் மத்திய கூட்டுறவு நில அடமான பாங்கு பிறந்தது. குடியானவர் நிலத்தை அடமானமாகப் பெற்று நீண்ட காலத் தவணையில் கடன் கொடுத்தது. அவ்வளவு நீண்ட காலக் கடனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? சர்க்கார் உத்தரவாதத்தின் பேரில் நீண்ட காலக் கடன் பத்திரங்கள் விற்றுப் பணம் திரட்டினார்கள். வாங்கிய பணமும் நீண்ட காலம், கொடுத்த பணமும் நீண்ட காலம். நிலையான வட்டியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றிலிருந்து பன்னிரண்டு

ரிசர்வ் பாங்கின் ‘பாங்கு ரேட்’ 1935-லிருந்து 1951 வரை 3 சதவிகிதம். 1965-ல் 6. 1974-ல் 9. 1981-ல் 10. 1991 அக்டோபரில் 12. நாற்பது வருஷத்தில் நாலு மடங்கு!

இந்தக் காலத்தில் தொழிலாளிக்கு வீட்டுக் கடன் என்பதே அபூர்வம். எல்.ஐ.சி., கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள், சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு முன்பணம், இவ்வளவுதான். 1970-ல் ஹட்கோ வந்தது. 1977-ல் எச்.டி.எஃப்.சி. என்ற தனியார் வீட்டுக் கடன் கம்பெனி தொடங்கிற்று. 1988-ல் தேசிய வீட்டு வசதி பாங்கு ஏற்பட்டது. அந்நாட்களில் வட்டி கூடுதலாக இருந்தாலும், பத்திரத்தில் எழுதிய வட்டி கடைசிவரை மாறாது என்பதே வழக்கம்.

1994 அக்டோபரில் ஒரு திருப்பம் வந்தது. இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கு வட்டியைப் பாங்குகளே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் பாங்கு அவிழ்த்துவிட்டது. தாராளமயம் என்று இதற்குப் பெயர். யாருக்குத் தாராளம்? பிறகு பாங்கு ரேட் இறங்கி 2003-ல் 6 சதவிகிதத்துக்கு வந்தது. வீட்டுக் கடன் ஏழு, எட்டு சதவிகிதத்துக்குக் கிடைத்தது. அப்போதுதான் ‘மாறும் வட்டி’யை இனிப்புப் பூசி விற்றார்கள். வட்டி இறங்கிக்கொண்டேயிருக்கும் என்றார்கள். 2008-க்குள் அதே கடன் பதினொன்றுக்கும் மேலே போயிற்று.

‘நிலையான வட்டி’ வாங்கியவர்களாவது தப்பினார்களா? பலர் தப்பவில்லை. பத்திரத்தின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில், மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வட்டி மறு நிர்ணயம் செய்யப்படும் என்று ஒரு ஷரத்து. முகப்பில் ‘நிலையானது’, உள்ளே ‘மாற்றத் தக்கது’. இப்படிப்பட்ட பத்திரங்களைத் தொழிலாளர்கள் நம்மிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட நாளில் அந்தப் பக்கத்தை யாரும் படித்துச் சொல்லவில்லை என்பதே எல்லோரும் சொன்னது.

மாறும் வட்டியை எதை வைத்து மாற்றுவது? அதற்கும் 2003, 2010, 2016 என்று பெயர் மாற்றி மாற்றிக் கணக்கு முறைகள் வந்தன. ரிசர்வ் பாங்கு தானே அமைத்த ஆய்வுக் குழு 2017-ல் இதைச் சோதித்தது. பாங்குகள் இந்தக் கணக்கைத் தம் இஷ்டத்துக்குச் சரிக்கட்டியிருக்கின்றன என்று அந்தக் குழுவே எழுதிற்று. ஏறும்போது குதிரை வேகம், இறங்கும்போது நத்தை வேகம்! அதன் பிறகே, 2019 அக்டோபர் முதல், பாங்குகளின் புதிய மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒரு சிறு கணக்கு

2022 மே மாதத் தொடக்கத்தில் ரெப்போ 4 சதவிகிதம். 2023 பிப்ரவரியில் 6½. பத்து மாதத்துக்குள் இரண்டரை சதவிகிதம் ஏறிற்று. இதன் பொருள் என்ன?

பத்து லட்சம் ரூபாய்க் கடன், இருபது வருஷம், 7 சதவிகித வட்டி. மாதத் தவணை 7,753 ரூபாய். வட்டி 9½ ஆனால், அதே இருபது வருஷத்துக்குத் தவணை 9,321. மாதம் 1,568 ரூபாய் கூடுதல். மொத்தத்தில் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டலாமே என்பார்கள். பத்து லட்சத்துக்கு 9½ சதவிகிதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 7,917 ரூபாய். தவணையோ 7,753! முதல் சில மாதங்களில் அசல் கொஞ்சம் குறைந்திருந்தாலும், இப்போது தவணை முழுவதையும் வட்டியே விழுங்கிவிடும். தொழிலாளி மாதாமாதம் கட்டுவான்; அசல் ஒரு காசு இறங்காது.

இந்தப் பத்து மாதத்தில் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் கூலி இப்படி ஏறியதா? நாற்று நடும் பெண்ணின் கூலி ஏறியதா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவிகித வரி போட்டபோது, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஆர்டர் நின்றுவிடுமோ என்ற பயம்தான் ஏறியது. உலகத்து ஏற்ற இறக்கமெல்லாம் நம் கூலியின் மேல் விழுகிறது. அதே ஏற்ற இறக்கம் நம் வட்டியின் மேலும் விழ வேண்டுமா?

தவணை தவறினால் நடப்பது தெரிந்ததே. 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி, அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஒரு விதம், இங்கே ஒரு விதம்

முதலாளித்துவத்தின் தலைவீடான அமெரிக்காவில் என்ன நிலை? 1930-களின் நெருக்கடியில் லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்கு வந்த பிறகு, அரசு தலையிட்டது. 1934-ல் வீட்டுக் கடனுக்கு அரசு இன்ஷ்யூரன்ஸ். 1938-ல் அந்தக் கடன்களை வாங்கிக்கொள்ள ஓர் அரசு ஸ்தாபனம். அதன் பலனாக முப்பது வருஷத்துக்கு நிலையான வட்டி என்பது அங்கே சாதாரணம் ஆயிற்று. புதுக் கடனின் வட்டி 1981 அக்டோபரில் 18.63 வரை ஏறியது. 2021 ஜனவரியில் 2.65-க்கு இறங்கியது, 2023 அக்டோபரில் 7.79-ஐத் தொட்டது. ஆனால் 2021-ல் 2.65-க்கு வாங்கியவருக்கு 2023-லும் அதே வட்டிதான். கடன் தீரும்வரை அதே. அங்கேயும் மாறும் வட்டியில் ஏழைகளை மாட்டவைத்த கடன்கள் உண்டு. 2008-ல் உலகையே கவிழ்த்த நெருக்கடியில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

“பாங்கில் மக்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்றுதான் டிபாசிட் போடுகிறார்கள். அதை வைத்து இருபது வருஷத்துக்கு வட்டியை எப்படி நிலைநிறுத்துவது?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். பதில், நாம் முன்பே பார்த்த நில அடமான பாங்கில் இருக்கிறது. நீண்ட காலப் பணம் இருந்தால் முடியும். அந்தப் பணம் இந்த நாட்டில் இல்லையா? எல்.ஐ.சி.யில் இருக்கிறது. தொழிலாளர் வைப்பு நிதியில் இருக்கிறது. அது நம் வியர்வை. மத்திய சர்க்கார் தன் ஊழியர்களுக்குக் கொடுக்கும் வீட்டு முன்பணத்துக்கு 2020 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை 7.9 சதவிகிதம் தனிவட்டி. முதலில் அசலைப் பதினைந்து வருஷத்தில் பிடித்துக்கொண்டு, பிறகு ஐந்து வருஷத்தில் வட்டியைப் பிடிக்கிறார்கள். சர்க்கார் ஊழியர் போராடிப் பெற்றதை நாம் குறை சொல்லவில்லை. அவருக்கு முடிந்தது தோல் பதனிடும் தொழிலாளிக்கு ஏன் முடியாது என்றே கேட்கிறோம்.

“வட்டி இறங்கினால் மாறும் வட்டிக்காரருக்கு லாபம்தானே?” என்றும் கேட்பார்கள். 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே ரெப்போ ஒரு சதவிகிதம் இறங்கியது உண்மை. ஆனால் 2019 உத்தரவு பாங்குகளுக்குத்தான். சம்பளச் சீட்டு இல்லாத நம் மக்களுக்குப் பாங்கு கதவு திறப்பதில்லை. அவர்கள் போவது வீட்டுக் கடன் கம்பெனிகளிடம். அங்கே வட்டியும் அதிகம். எப்போது இறக்குவது என்பதும் கம்பெனி தானே வகுத்த கணக்கு.

கொடுத்ததும் பறித்ததும்

2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கு ஒரு நல்ல காரியம் செய்தது. வட்டி மாறும்போது, தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன்காரரைக் கேட்டே செய்ய வேண்டும். நிலையான வட்டிக்கு மாறிக்கொள்ளவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றது. இரண்டு வருஷம்கூட அந்த உரிமை நிம்மதியாக வாழவில்லை. 2025 அக்டோபர் முதல், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பைக் கொடுப்பது கடன் கொடுப்பவரின் விருப்பம் என்று ஆக்கிவிட்டார்கள். ‘தர வேண்டும்’ என்ற சொல் ‘தரலாம்’ ஆயிற்று. ஒரு சொல்லில் உரிமை தயவாக மாறிவிட்டது.

நம் கோரிக்கைகள் நாலு. சிறு வீட்டுக் கடன்களுக்கு, கடன் தீரும்வரை மாறாத வட்டி வேண்டும். அதற்குப் பொதுத்துறையின் நீண்ட காலப் பணத்தை ஒதுக்க வேண்டும். இடையில் மாற்றும் ஷரத்து உள்ள கடனை ‘நிலையான வட்டி’ என்று விற்பதைத் தடுக்க வேண்டும். 2023-ல் கொடுத்த உரிமையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். வெளி அளவுகோல் வீட்டுக் கடன் கம்பெனிகளையும் கட்ட வேண்டும்.

இவை கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல், கடனின் முக்கிய விவரங்களைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற பாஷையில் எழுதிக் கொடுத்து விளக்க வேண்டும் என்பது விதி. ஆகவே தமிழில் கேளுங்கள். வட்டி எத்தனை வருஷத்துக்கு நிலையானது, மாறினால் எதை வைத்து மாறும், முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்று கேளுங்கள். உடனே கையெழுத்துப் போட வேண்டாம். காகிதத்தைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நாலு பேர் சேர்ந்து படிப்போம். காலம் நீட்டப்பட்டு வயிறெரிகிறவர்கள் தனித்தனியே போய்க் கெஞ்ச வேண்டாம்; ஒரே பாங்கில் கடன் வாங்கியவர்கள் ஒரே நாளில் ஒரே மனுவோடு போங்கள்.

1938-ல் வட்டிக்குப் போட்ட வேலி மேலிருந்து தானாக இறங்கி வரவில்லை. கடனில் மூழ்கிய குடியானவர் ஒன்றாக நின்று கேட்டார்கள். நாமும் அப்படியே கேட்போம்.