வெள்ளம் விட்டால் சூடு தணியாது

"தண்ணி கூடுதல் விட்டா சூடு தானா இறங்கும்." நாகர்கோவில் வட்டாரத்துப் பொறியியல் கருத்தரங்குகளில் பல வருடமாக இதைக் கேட்டு எரிச்சலடைந்திருக்கிறேன். அண்மையில் ஒரு சிறப்பு விருந்தினர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஊசித்துளை வழியாக நீரைப் பீய்ச்சிச் சூட்டைத் தணிப்பதெல்லாம் ஆய்வகப் பொம்மையாம். துளை அடைத்துக்கொள்ளுமாம், பம்பு கரண்டைத் தின்னுமாம். பேச்சிப்பாறை அணை இருக்கிற மாவட்டத்துக்கு இந்தச் சிக்கனம் எதற்கு என்றும் கேட்டார். படிக்கிற பிள்ளைகள் முன்னால் இப்படிப் பேசுவது பொறுப்பற்ற செயல்.

அடைப்பு என்கிறார். குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் கடலுக்குப் போகிற விசைப்படகுகளின் டீசல் நாசிலில் உள்ள துளை அரை மில்லிமீட்டர்கூட வராது. ஃபில்டரை ஒழுங்காக மாற்றுகிறவர்களின் படகு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அளவு என்ற வாதத்தில்தான் மூலத் தவறு இருக்கிறது. கொல்லர் பழுத்த அரிவாளைத் தொட்டியில் முக்கும்போது கிட்டே நின்று பாருங்கள். உள்ளே போட்டுவிட்டுச் சும்மா நிற்க மாட்டார். குறட்டால் பிடித்தபடி ஆட்டிக்கொண்டே இருப்பார். அசையாமல் விட்டால் இரும்பைச் சுற்றி நீராவி படலமாகப் படிந்து, தண்ணீரை அண்டவிடாது. தொட்டி நிறைய நீர் இருந்தும் இரும்பைத் தொடாத நீரால் பயனில்லை. கொதி வராத சூட்டிலும் இதே தடைதான். பரப்பை ஒட்டிய மெல்லிய நீரடுக்கு ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். வெப்பம் அதைக் கடந்துதான் வெளியேற வேண்டும். குழாயை முழுக்கத் திறந்தாலும் நீரில் பெரும்பகுதி அந்த அடுக்குக்கு மேலேயே வழிந்தோடிவிடும். செங்குத்தாக வந்து மோதும் தாரைதான் அதை நசுக்கி மெலிய வைக்கிறது. தாரை மெலிய மெலிய அடுக்கும் மெலிகிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். 2 மில்லிமீட்டர் துளை ஒன்றை அடைத்துவிட்டு, அரை மில்லிமீட்டர் துளைகள் 16 போடுங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு மாறாது. அதே வேகத்தில் விட்டால் செலவாகும் நீரும் மாறாது. மோதுமிடத்தில் வெப்பத்தை இழுக்கும் திறனோ, துளை விட்டத்தின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் ஏறுவதால், இரண்டு மடங்காகிறது. மோதுமிடங்களும் 16 ஆகின்றன. கரண்டு பற்றிய கவலைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது: பம்பு தரவேண்டிய அழுத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வேகம்; அதை நாம் கூட்டவே இல்லை.

பொம்மை என்றாரே, டர்போ பொருத்திய டீசல் இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனின் அடிப்புறத்தைக் குளிரவைப்பது சிறு நாசிலிலிருந்து பீறிடும் எண்ணெய்த் தாரை. விமான இன்ஜினின் டர்பைன் இறகு உருகாமல் நிற்பதற்கு, அதன் உட்சுவரில் நுண்துளைகள் வழியே மோதும் காற்றும் ஒரு காரணம். பெல்ஜியத்தின் ஐமெக் ஆய்வு நிறுவனம் 2018-ல் கணினிச் சில்லுகளுக்காக 300 மைக்ரான் நாசில்கள் கொண்ட குளிர்விப்பானை முப்பரிமாண அச்சிலேயே செய்துகாட்டியது. சில்லின் முதுகில் அணையைத் திறந்துவிட முடியாது.

நம் கல்லூரி ஆய்வகங்களிலேயே இதைச் சோதிக்கலாம். ஹீட்டர் பொருத்திய செம்புத் தகடு, ஒரு பம்பு, ஒரு தெர்மோகப்பிள், ஒற்றைத் துளையும் 16 துளையும் போட்ட இரண்டு மூடிகள் போதும். மோதிய நீர் உடனே வடிந்துபோக மட்டும் இடம் விடுங்கள்; தேங்கினால் அது பக்கத்துத் தாரையைத் தள்ளிக் கெடுத்துவிடும்.